பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கடிதங்களை விற்கும் ஒரு வணிகரின் சேவை: மதிப்புரை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து, கடை என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல், அச்சுப் பட்டியல் மூலமாகவும் இணையம் மூலமாகவும் பழைய கடிதங்களை விற்றுவரும் வணிகர் ஒருவரின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. அவருடைய சரக்கில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பொதுவாழ்வில் பெயர் பெற்றிருந்த செனட்டர்கள், அமைச்சர்கள், படைத்தலைவர்கள், அடிமை ஒழிப்பு இயக்கத்தினர், பத்திரிகை ஆசிரியர்கள், மேடைப் பேச்சாளர்கள் ஆகியோர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதங்களே. அவரிடம் நான் கண்ட நிறைகளும் குறைகளும் இத்தொழிலில் உள்ள பலருக்கும் பொருந்தும் என்பதால் பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தம் காலத்தில் பெரிய மனிதர்களாக இருந்து இன்று ஓரளவு மறக்கப்பட்டவர்களின் முழுக் கடிதங்களை வாங்குவதற்கு இவர் நம்பத்தகுந்தவர். லிங்கன், கிராண்ட் போன்ற குடியரசுத் தலைவர்களின் பெயர்களைத் தேடுபவர்கள் இவரிடம் வருவதில் தனிப் பயன் எதுவும் இல்லை.

இத்துறையில் விலையைத் தீர்மானிப்பவை, பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அச்சிடப்படும் இரண்டு மூன்று எழுத்துகள். ஏ.எல்.எஸ். என்று இருந்தால், முதல் வரியிலிருந்து கையொப்பம் வரை கடிதம் முழுவதையும் அந்த மனிதரே தம் கையால் எழுதியிருக்கிறார் என்று பொருள். எல்.எஸ். என்றால் எழுத்தரோ செயலரோ எழுதிய கடிதத்தின் அடியில் அவர் கையொப்பம் மட்டும் இட்டிருக்கிறார். நியமன ஆணை, நிலப்பட்டா, பத்திரம் போன்ற கையொப்பமிட்ட ஆவணங்கள் டி.எஸ். வகையில் வரும். எல்லாவற்றுக்கும் கீழே, கடிதத்தின் அடியிலிருந்து கத்தரித்து எடுக்கப்பட்ட வெறும் கையொப்பத் துண்டு இருக்கிறது. ஆல்பத்தில் ஒட்டுவதற்காக அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் எத்தனையோ நல்ல கடிதங்களை இப்படி வெட்டிப் பாழாக்கியிருக்கிறார்கள். இந்த வணிகர் துண்டுகளை விற்பதே இல்லை. என் மதிப்பில் அவர் உயர்ந்ததற்கு அதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், அவர் ஒவ்வொரு கடிதத்துடனும் அதன் முழு வாசகத்தையும் தட்டச்சு செய்து தருவது. வாங்காதவர்களும் அதைப் பட்டியலிலேயே படிக்கலாம். பல வணிகர்கள் சுவையான இரண்டு வரியை மட்டும் எடுத்துப் போட்டு, மற்றதை வாங்கிய பிறகு பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். ‘நியூயார்க் டிரிப்யூன்’ பத்திரிகையை 1841இல் தொடங்கிய ஹொரேஸ் கிரீலியின் கையெழுத்து அவர் காலத்து அச்சுக்கோப்பவர்களையே அலற வைத்தது. அவருடைய கடிதம் ஒன்றுக்கு இவர் தந்திருந்த தட்டச்சுப் படியில், படிக்க முடியாத சொற்கள் இருந்த இடங்களில் சதுர அடைப்புக்குறிகளை வெறுமையாக விட்டிருந்தார். ஊகித்து நிரப்பி, தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை. பட்டியலின் மற்ற வரிகளையும் நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த வெற்று அடைப்புக்குறிகளைப் பார்த்துத்தான்.

இவரிடம் வாங்கியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எட்வர்ட் எவரெட் 1857இல் பாஸ்டனிலிருந்து எழுதிய சிறு கடிதம். விலை 175 டாலர். எவரெட் மாசசூசெட்ஸ் ஆளுநராகவும், பிரிட்டனுக்கான தூதராகவும், ஹார்வர்டு தலைவராகவும், வெளியுறவு அமைச்சராகவும், செனட்டராகவும் இருந்தவர். 1860 தேர்தலில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கும் நின்றவர். 1856 முதல் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றிய ஒரே உரையை ஊர் ஊராக நிகழ்த்தி, வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகையை வாங்கிக் காப்பாற்றும் நிதிக்கு ஏறத்தாழ 69,000 டாலர் திரட்டிக் கொடுத்தவர். என்னிடம் உள்ள கடிதம் அந்தப் பயணங்களுக்கு இடையே எழுதப்பட்டது. பேச வரும்படி அழைத்த ஒரு சங்கத்துக்கு, இந்தப் பருவத்தில் இயலாது என்று மரியாதையாக மறுக்கிறார், அவ்வளவுதான். வரலாற்றுச் செய்தி எதுவும் அதில் இல்லை.

ஆனால் காகிதத்தில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஒரே தாளை நடுவில் மடித்து நான்கு பக்கமாக்கி, முதல் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் எழுதி, இரண்டாம் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார். இடது மேல் மூலையில், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் மட்டுமே தெரியும்படி, காகித வணிகரின் புடைப்பு முத்திரை இருக்கிறது. எழுதும்போது கருப்பாக இருந்திருக்கக்கூடிய இரும்பு மை இப்போது தேக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. பேனாவை மையில் தோய்த்த இடத்தில் எழுத்து அழுத்தமாகத் தொடங்கி, ஏழெட்டுச் சொற்களுக்குள் வெளிறி, மறுபடி அழுத்தமாகிறது. இந்த ஏற்ற இறக்கம் கடிதம் முழுக்கச் சீராக வருகிறது. நான்காம் பக்கத்தில், மடித்து அடுக்கிவைத்தபோது வெளியே தெரிந்த பகுதி மட்டும் அழுக்கேறியிருக்கிறது. அதன் மேல் பெற்றுக்கொண்டவர் வேறொரு கையில் எவரெட்டின் பெயரையும் தேதியையும், மறுத்துவிட்டார் என்பதையும் ஒரே வரியில் குறித்து வைத்திருக்கிறார். இந்தக் கோப்புக் குறிப்பு சேகரிப்பாளருக்கு மிகவும் வேண்டிய ஒன்று. கடிதம் உண்மையிலேயே அனுப்பப்பட்டது, ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவருடைய கோப்பில் கிடந்தது என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடைக்காது. பட்டியல் விவரணை இவற்றில் மை, முத்திரை, கோப்புக் குறிப்பு மூன்றையும் சரியாகச் சொல்லியிருந்தது.

எவரெட்டின் கடிதம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதே இந்தச் சந்தை இயங்கும் விதத்தைக் காட்டிவிடுகிறது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில், உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் தோட்டத் திறப்பு விழாவில், முக்கியப் பேச்சாளர் அவர்தான். இரண்டு மணிநேரம் பேசினார். அவருக்குப் பிறகு எழுந்த லிங்கன் இரண்டு நிமிடங்களில் முடித்துக்கொண்டார். மறுநாளே லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், அந்த இரண்டு நிமிடங்கள் தம் இரண்டு மணிநேரத்தைவிட நிகழ்வின் மையக் கருத்தை நெருங்கின என்ற பொருளில் எவரெட் பாராட்டினார். சந்தையும் அந்தத் தீர்ப்பையே வழிமொழிந்திருக்கிறது: லிங்கன் தம் கையால் எழுதிய மிகச் சாதாரணமான குறிப்புக்கும் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க வேண்டும். எழுதியவர் தம் காலத்தில் எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்பதைச் சந்தை பொருட்படுத்துவதில்லை. பிற்காலம் அவரை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறது என்பதற்குத்தான் விலை. கடிதத்தைப் படிப்பதற்காக வாங்குபவர்களுக்கு இது மிகவும் சாதகமான நிலை. எவரெட், செனட்டர் சார்லஸ் சம்னர், வெளியுறவு அமைச்சராக இருந்த ஹாமில்டன் ஃபிஷ் போன்றவர்களின் முழுக் கடிதங்களை, லிங்கனின் கத்தரித்த கையொப்பத்துக்குக் கொடுக்கும் விலையில் பாதிக்கும் குறைவாக வாங்க முடிகிறது.

கையெழுத்துப் பிரதிகளுக்கு விலை வைக்கும் பழக்கமும் அந்தக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. உள்நாட்டுப் போரின்போது வீரர்களுக்கான நிவாரணக் கண்காட்சிகளில் இவற்றை விற்றுப் பணம் திரட்டினார்கள். எவரெட் கேட்டதற்கிணங்க லிங்கன் தம் கெட்டிஸ்பர்க் உரையைக் கைப்பட எழுதிக் கொடுத்த படி 1864இல் நியூயார்க்கில் நடந்த அத்தகைய கண்காட்சிக்காகத் தயாரானதுதான். அடிமை விடுதலைப் பிரகடனத்தின் இறுதிக் கைப்பிரதியோ சிகாகோ கண்காட்சியில் 3,000 டாலருக்கு விற்று, அந்த நகரத்திலேயே தங்கி, 1871 பெருந்தீயில் எரிந்துபோனது.

இனி குறைக்கு வருகிறேன். லிங்கன் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த சால்மன் சேஸின் கடிதம் ஒன்றைப் பட்டியலில் ஏ.எல்.எஸ். என்று போட்டிருந்தார்கள், விலை 450 டாலர். முன்பக்கத்தின் சிறிய படம் ஒன்று மட்டுமே இருந்தது. கடிதம் கைக்கு வந்ததும், உள்ளடக்கம் முழுவதும் சீராக உருட்டி எழுதப்பட்ட அலுவலக எழுத்தரின் கை என்பதும், அடியில் உள்ள கையொப்பம் மட்டும் வேறு மையில், வேறு சாய்வில், அவசரமாக இடப்பட்டது என்பதும் பார்த்தவுடனே தெரிந்தன. போர்க்கால நிதித்துறை நாளொன்றுக்கு அனுப்பிய கடிதக் குவியலை நினைத்தால் இது எதிர்பார்க்கத்தக்கதுதான். அந்தக் கையொப்பம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இருந்தாலும் எல்.எஸ். ஒன்றை ஏ.எல்.எஸ். விலைக்கு விற்பது சிறிய தவறு ஆகாது. போதாக்குறைக்கு, பின்பக்க மடிப்பில் பழைய செல்லோடேப் ஒட்டி எடுத்த மஞ்சள் கறை பட்டை போல் ஓடியது. விவரணையில் அதற்கு ‘லேசான நிறமாற்றம்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். பசை காகிதத்துக்குள் இறங்கிவிட்டால், தேர்ந்த பாதுகாப்பு வல்லுநர்கூட அதை முழுமையாக நீக்குவது அரிது.

எழுதிக் கேட்டபோது பதில் அன்றே வந்தது. விவரணை எழுதியவர் ஒரு உதவியாளர் என்றும், விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லது திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார்கள். நான் திருப்பி அனுப்பினேன். பணம் முழுவதும் வந்து சேர்ந்தது. காப்பீட்டுடன் கூடிய திருப்பு அஞ்சல் செலவு மட்டும் என் தலையில் விழுந்தது. தவறு விற்பவருடையதாக இருக்கும்போது அந்தச் செலவை வாங்குபவர் ஏற்பது எந்த வகையிலும் நியாயமில்லை என்பதே இன்றும் என் கருத்து. அதன் பிறகு எதை வாங்குவதானாலும் பின்பக்கப் படத்தையும், ஒளியைச் சாய்வாக விழவிட்டு எடுத்த படத்தையும் கேட்டு வாங்குகிறேன், தயங்காமல் அனுப்புகிறார்கள்.

யார் கையால் எழுதப்பட்டது என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிதங்களில் அடிக்கடி எழும். அதில் இந்த வணிகர், சேஸ் விவகாரத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால், மற்றவர்களைவிடக் கவனமாகவே இருக்கிறார். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து நிலப்பட்டாக்களை எடுத்துக்கொள்ளலாம். குடியரசுத் தலைவரின் சார்பில் ஒரு செயலர் பட்டாக்களில் கையொப்பமிடலாம் என்று 1833 மார்ச்சில் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின் தேதியிட்ட பட்டாவில் குடியரசுத் தலைவரின் பெயர் இருந்தாலும் அது செயலரின் கை. இணைய ஏலங்களில் இன்னமும் அதை ஜாக்சன் கையொப்பம் என்று விற்கிறார்கள். ஆண்ட்ரூ ஜான்சன் குடியரசுத் தலைவராக இருந்தபோது பல ஆவணங்களில் கையொப்ப முத்திரையைப் பயன்படுத்தினார். முத்திரையில் மை ஒரே அடர்த்தியில் தட்டையாகப் படியும். மேலே சொன்ன ஏற்ற இறக்கம் அதில் இருக்காது. தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸின் பிற்காலக் கடிதங்கள் சிலவற்றில் அவர் பெயரை எழுதியவர் மனைவி வரினா. லிங்கன் கடிதங்களில் பெரும்பாலும் ‘ஏ. லிங்கன்’ என்றும், நியமன ஆணைகளில் பெயரை முழுமையாகவும் எழுதுவார் என்பது தெரிந்திருந்தால், விற்பவர் சொல்வதை ஓரளவு தாமே சரிபார்க்கலாம். இவற்றையெல்லாம் பட்டியலின் முகப்பில் இரண்டு பக்கக் குறிப்பாகவே அச்சிட்டிருக்கிறார். அதை வாசிப்பதற்காகவே பட்டியலை வரவழைக்கலாம்.

போலிகளைப் பற்றி அவர் பேசும் முறையும் நிதானமானது. ராபர்ட் ஸ்பிரிங் (1813–1876) ஜார்ஜ் வாஷிங்டன் பெயரில் ஏராளமாகப் போலி எழுதிப் பிழைத்தவர். லிங்கனின் கையெழுத்தையும் எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கையெழுத்தையும் தேர்ச்சியுடன் போலி செய்த ஜோசப் கோசியின் கைவேலையை இன்று அதற்காகவே சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். அச்சுப் படிகள் தனி வகை. போரில் மகன்களை இழந்த பிக்ஸ்பி என்ற தாய்க்கு 1864 நவம்பரில் லிங்கன் பெயரில் அனுப்பப்பட்ட ஆறுதல் கடிதத்தின் மூலப் பிரதி இன்று எங்கும் இல்லை. அதன் அச்சுப் படிகளோ எண்ணற்றவை. வீட்டுப் பரணில் கிடைத்தது என்று யாராவது அதை எடுத்துவந்தால், முதல் ஐயம் அச்சின் மேல்தான் விழ வேண்டும். இவர் புற ஊதா விளக்கில் ஒவ்வொரு தாளையும் பார்ப்பதாகச் சொல்கிறார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு காகிதத்தில் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் நீலவெண்மையாக மின்னும் என்பதால் நவீனக் காகிதம் உடனே பிடிபடும். பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளைக் கிழித்து எழுதிய போலியை அந்த விளக்கு காட்டிக்கொடுக்காது; அங்கே கையெழுத்தை நன்றாக அறிந்த கண்தான் வேண்டும். லிங்கன், அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் ஆகியோரின் காகிதங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் படமாகவே வைத்திருப்பதால், வாங்குபவரும் எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம்பகச் சான்றிதழ் என்ற அழகிய தாளை இவர் தருவதில்லை. விற்ற பொருள் எப்போது போலி என்று நிறுவப்பட்டாலும் பணத்தைத் திருப்பித் தருவதாக விற்பனைச் சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிடுகிறார். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு வரி அதைவிடப் பெரியது. அந்த உறுதிமொழி வணிகர் தொழிலில் இருக்கும் வரைதான் செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

கடிதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்டால் மட்டுமே சொல்கிறார், தாமாக எழுதுவதில்லை. இது எனக்குக் குறையாகவே படுகிறது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசகராக உட்கார்ந்து உள்நாட்டுப் போர்க் காலக் காகிதங்களைத் திருடி விற்றவர்கள் சிறை சென்றிருக்கிறார்கள். காணாமல்போன ஆவணங்களின் பட்டியலைக் காப்பகமே வெளியிட்டு வருகிறது. ஒரு துறைக்கு வந்த அதிகாரபூர்வக் கடிதம் என்று கோப்புக் குறிப்பு காட்டினால், அது அரசுக் கோப்பிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். அரசு பின்னர் உரிமை கோரினால் வாங்கியவர் கடிதத்தை இழப்பார். தனிமனிதருக்கு எழுதிய எவரெட் கடிதம் போன்றவற்றில் இந்தத் தலைவலி குறைவு.

விலைகள் ஏலத்தைவிடச் சற்று அதிகம் என்றுதான் முதலில் தெரியும். ஏலத்தில் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவரிடமிருந்து கால் பங்கு அளவுக்குக் கட்டணம் சேர்ப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், அதையும் அஞ்சல் செலவையும் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு பெரிதாக இல்லை. மிகவும் விரும்பப்படும் பெயர்களில் மட்டும் இவர் விலை எகிறிவிடுகிறது. டக்ளஸ் 1881 முதல் 1886 வரை வாஷிங்டனில் பத்திரப் பதிவாளராக இருந்ததால், அவர் பெயர் தாங்கிய பத்திரங்கள் சந்தையில் ஓரளவு கிடைக்கின்றன. அப்படி ஒன்றுக்கு இவர் கேட்ட தொகை, ஏலங்களில் நான் பார்த்ததைவிட மிகக் கூடுதல். அடிமைமுறையைப் பற்றியோ வாக்குரிமையைப் பற்றியோ டக்ளஸ் கைப்பட எழுதிய கடிதத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். வீட்டுமனைப் பத்திரத்தின் பதிவுக் குறிப்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

பொதியும் முறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாலியெஸ்டர் உறைக்குள் கடிதம், இருபுறமும் அமிலமற்ற அட்டை, அதற்கு வெளியே விறைப்பான பெட்டி, பெறுபவர் கையொப்பமிட்டால்தான் ஒப்படைப்பு. சட்டமிட்டுத் தருவதாக ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். கையொப்பத்துக்குப் பக்கத்தில் படத்தையும் பித்தளைத் தகட்டையும் வைத்து விலையை இரட்டிப்பாக்கும் வேலை அது. வெளிச்சம் பட்டால் இரும்பு மை மங்கும் என்பதைத் தம் முகப்புக் குறிப்பிலேயே எழுதியிருக்கும் ஒருவர் சுவரில் மாட்டச் சொல்வது விந்தைதான். மறுத்தால் வற்புறுத்துவதில்லை.

திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள் என்று விதியில் போட்டிருக்கிறார்கள். கையெழுத்தை நூலகப் படங்களோடு ஒப்பிடவும், தெரிந்தவர் ஒருவரிடம் காட்டவும் இது போதாது. பணம் கட்டுவதற்கு முன்பே முப்பது நாள் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதலை விற்பனைச் சீட்டில் குறித்துத் தரும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.